யோவான் 10ல் வரும் குளிர்காலப் பண்டிகை எது? ஹனுக்கா பைபிளில் இருக்கிறதா?

மாரிகாலம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஜெபக் கூட்டத்தில் யோவான் சுவிசேஷத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்து வருகிறோம். அடுத்தது 10ஆம் அதிகாரம், நடத்த வேண்டியது நான். நல்ல மேய்ப்பன் பகுதியைப் பேசிவிடலாம். ஆனால் 22ஆம் வசனத்தில் எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை என்று ஒன்று வருகிறது. மாரிகாலம் என்றும் போட்டிருக்கிறது. இயேசு சாலொமோனின் மண்டபத்தில் உலாவுகிறார்.

இது என்ன பண்டிகை என்று லேவியராகமம் 23ஐ எடுத்துப் பார்த்தேன். பஸ்கா, புளிப்பில்லாத அப்பம், வாரங்களின் பண்டிகை, எக்காளம், பாவநிவிர்த்தி நாள், கூடாரப்பண்டிகை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இது மட்டும் இல்லை. பூரீமுக்காவது எஸ்தர் புத்தகம் இருக்கிறது. இதற்கு அதுவும் இல்லை. இதுதான் ஹனுக்கா, ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் என்று ஒரு சகோதரர் சொன்னார். அந்த அற்புதத்தையும் என் பைபிளில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

வேதத்தில் வேரே இல்லாத ஒரு பண்டிகைக்கு இயேசு ஏன் ஆலயத்துக்குப் போனார்? யூதர்களுக்கு இதன் அர்த்தம் என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் இளைஞர்கள் இருக்கிறார்கள், மேலோட்டமாகச் சொன்னால் விடமாட்டார்கள்.

பழைய_சுருள் எழுதியது:

நல்ல கேள்வி சிஸ்டர். அந்த வசனத்தைத் தாண்டிப் போகாமல் நின்றீர்களே, அதற்கே நன்றி. பழைய ஏற்பாட்டு வகுப்பு எடுப்பவன் நான். எல்லா வருஷமும் யாராவது ஒருவர் இதைக் கேட்க மாட்டாரா என்று காத்திருப்பேன்.

உங்கள் சகோதரர் சொன்னது சரி, இது ஹனுக்காதான். லேவியராகமம் 23ல் இது இருக்க வழியில்லை. தீட்டான எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி பிரதிஷ்டை செய்த நிகழ்ச்சி அது, நடந்தது கி.மு. 164ல். பழைய ஏற்பாடு முடியும் மல்கியாவுக்கும் புதிய ஏற்பாடு தொடங்கும் மத்தேயுவுக்கும் நடுவில் நாம் ஒரே ஒரு பக்கத்தைத் திருப்புகிறோமே, அந்த இடைவெளியில் நடந்தது. கதை முழுவதும் மக்கபேயர் முதல் நூலிலும் இரண்டாம் நூலிலும் இருக்கிறது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பைபிள்களில் அவை உண்டு. புராட்டஸ்டன்ட் பைபிளில் கிடையாது, யூதர்களின் தனாக்கிலும் கிடையாது. யூதர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் ஒரு பண்டிகையின் வரலாறு அவர்களுடைய வேதத்தில் இல்லாமல், கிறிஸ்தவர்கள் பாதுகாத்த கிரேக்கப் பிரதியில் வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிரியாவிலிருந்து ஆண்ட, கிரேக்க வம்சமான செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் கி.மு. 175ல் பட்டத்துக்கு வந்தான். எருசலேமிலேயே கிரேக்க வாழ்க்கைமுறையை விரும்பிய ஆசாரியர்கள் இருந்தார்கள். யாசோன் என்பவன் பணம் கொடுத்துப் பிரதான ஆசாரியப் பதவியை வாங்கினான். அப்புறம் மெனெலாவு அதைவிட அதிகம் கொடுத்து அவனைத் தள்ளினான். ஆகவே இது வெளியாரோடு மட்டும் நடந்த சண்டை இல்லை, வீட்டுக்குள்ளும் பிளவு இருந்தது. கி.மு. 168ல் எகிப்தைப் பிடிக்கப் போன அந்தியோக்கஸை ரோமத் தூதர் தடுத்துத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பின் எருசலேம் மீது அடக்குமுறை இறங்கியது. விருத்தசேதனம் செய்தால் மரணம், ஓய்வுநாள் ஆசரித்தால் மரணம், நியாயப்பிரமாணச் சுருள்களைக் கிழித்து எரித்தார்கள். கி.மு. 167ல், யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதத்தில், ஆலயப் பலிபீடத்தின் மேலேயே வேறொரு பீடம் கட்டி 25ஆம் தேதி பலியிட்டார்கள். ஆலயத்துக்கு ஒலிம்பிய சீயஸின் பெயர் வைத்தார்கள். தானியேல் 11:31ல் வாசிக்கிறோமே, பாழாக்கும் அருவருப்பு, அதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்த நிகழ்ச்சியோடுதான் சேர்த்து வாசிக்கிறார்கள். தானியேல் 8ல் கிரேக்க ராஜ்யமான வெள்ளாட்டுக்கடாவிலிருந்து சின்னக் கொம்பு ஒன்று முளைத்து அன்றாட பலியை நிறுத்திவிடும் தரிசனமும் அப்படித்தான். உங்கள் பைபிளுக்குள்ளேயே ஹனுக்காவின் காயம் இருக்கிறது, பண்டிகைதான் இல்லை.

மோதேயின் என்ற ஊரில் மத்தத்தியா என்ற வயதான ஆசாரியர் எதிர்த்து எழுந்தார். அவருக்கு ஐந்து மகன்கள். அவர்களில் யூதாஸ் மக்கபே படையை நடத்தினார். போர்களை இங்கே விட்டுவிடுகிறேன், கூட்டத்தில் அதிலேயே நேரம் போய்விடும்.

நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டியது 1 மக்கபேயர் 4ஆம் அதிகாரம், 36ஆம் வசனத்திலிருந்து. வெற்றி பெற்றவர்கள் சீயோன் மலைக்கு ஏறிப் போகிறார்கள். வாசல்கள் எரிந்து கிடக்கின்றன. பலிபீடம் தீட்டுப்பட்டிருக்கிறது. ஆலயப் பிராகாரத்தில் காட்டில் முளைப்பது போலப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஜெயித்து வந்த வீரர்கள் ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் சாம்பலைப் போட்டு, முகங்குப்புற விழுந்து அழுகிறார்கள்.

அடுத்து ஒரு சிக்கல். பலிபீடத்தை என்ன செய்வது? இத்தனை காலம் ஆண்டவருக்குப் பலியிட்ட அதே கற்கள், அந்நிய பலியால் அசுத்தமானவை. கழுவி மறுபடி பயன்படுத்தவும் மனமில்லை, குப்பையில் எறியவும் மனமில்லை. பீடத்தை இடித்தார்கள். கற்களை ஆலய மலையிலேயே தகுந்த ஓர் இடத்தில் எடுத்து வைத்தார்கள், தீர்க்கதரிசி ஒருவர் வந்து என்ன செய்வதென்று சொல்லும்வரை. அவர்கள் காலத்தில் தீர்க்கதரிசி யாரும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் முடிவு செய்யாமல் காத்திருக்க வைத்தார்களே, அந்த ஒரு வசனத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நேசிக்கிறேன். யூத ரபீக்களின் (போதகர்களின்) சட்டத் தொகுப்பான பிற்காலத்து மிஷ்னாவிலும் இதன் தடம் இருக்கிறது. ஆலயத்தின் அறைகளைப் பற்றிச் சொல்லும்போது, கிரேக்க அரசர்கள் தீட்டுப்படுத்திய பீடக் கற்களை ஹஸ்மோனியர்கள், அதாவது மக்கபேயர் குடும்பத்தார், வடகிழக்கு அறையில் வைத்தார்கள் என்கிறது.

புதிய பீடத்தை வெட்டாத கற்களால் கட்டினார்கள், யாத்திராகமம் 20:25 சொல்கிறபடியே. தூபம் காட்டினார்கள், குத்துவிளக்கின் விளக்குகளை ஏற்றினார்கள், மேஜையில் அப்பங்களை வைத்தார்கள், திரைகளைத் தொங்கவிட்டார்கள். பீடம் தீட்டான அதே கிஸ்லேவ் 25 அன்று, மூன்று வருஷம் கழித்து, அதில் பலி செலுத்தினார்கள். எட்டு நாள் கொண்டாட்டம். இதை வருடாவருடம் ஆசரிக்க வேண்டும் என்று யூதாஸும் அவர் சகோதரர்களும் சபை முழுவதும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

வேதத்தில் வேர் இல்லை என்றீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பண்டிகையின் கட்டளை வேதத்தில் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் செய்த ஒவ்வொன்றும் வேதத்தைப் பார்த்துச் செய்தது. எண்ணாகமம் 7ல் வனாந்தரத்துப் பலிபீடத்தின் பிரதிஷ்டை இருக்கிறது. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு தலைவர்கள். ஒவ்வொருவரும் 130 சேக்கல் வெள்ளித் தட்டு, 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கல் பொற்கரண்டி என்று அப்படியே அச்சு மாறாமல் கொண்டுவருகிறார்கள். நாம் தாவிவிடும் அதிகாரம் அது. ஆனால் ஹனுக்காவின் எட்டு நாளும் ஜெப ஆலயங்களில் வாசிப்பது இதைத்தான். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தது கூடாரப்பண்டிகையை ஒட்டி (2 நாளாகமம் 7). எசேக்கியா தீட்டான ஆலயத்தைச் சுத்தம் பண்ணியபோது ஆலயத்தைப் பரிசுத்தம்பண்ண மட்டும் எட்டு நாள் ஆனது (2 நாளாகமம் 29:17). சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் மகிழ்ச்சியோடு பிரதிஷ்டை செய்தது எஸ்றா 6ல். ஆகாய் 2:18ல் ஆலய அஸ்திவாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நாள் ஒன்பதாம் மாதம் 24. ஒன்பதாம் மாதம்தான் கிஸ்லேவ். மறுநாள் 25. இதை அவர்கள் மனதில் வைத்திருந்தார்களா என்று மக்கபேயர் நூல் சொல்வதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த வசனத்தில் நின்றுவிடுவேன்.

ஏன் எட்டு நாள் என்று உங்கள் இளைஞர்கள் கட்டாயம் கேட்பார்கள். 2 மக்கபேயர் 10ல் பதில் இருக்கிறது. கொஞ்ச நாள் முன்னால் கூடாரப்பண்டிகை வந்தபோது இவர்கள் மலைகளிலும் குகைகளிலும் மிருகங்களைப் போல ஒளிந்து திரிந்தார்கள். அந்தப் பண்டிகையை ஆசரிக்க முடியவில்லை. அதை நினைத்து, இப்போது பச்சைக் கிளைகளையும் குருத்தோலைகளையும் பிடித்துக்கொண்டு, கூடாரப்பண்டிகை மாதிரியே எட்டு நாள் கொண்டாடினார்கள். அதே நூலின் தொடக்கத்தில், எகிப்திலுள்ள யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில், இதைக் கிஸ்லேவ் மாதத்துக் கூடாரப்பண்டிகை என்றே சொல்கிறார்கள். குளிரில், தாமதமாக, ஆனால் விடாமல் ஆசரித்த ஒரு கூடாரப்பண்டிகை. ஹனுக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மாரிகாலம் எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா. பீடத்துக் கற்களைப் பற்றி வாசித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் எண்ணெய் அற்புதம்? நீங்கள் சொன்னதில் அது வரவே இல்லையே. அதைக் கூட்டத்தில் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

பழைய_சுருள் எழுதியது:

சொல்லுங்கள், ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்கபேயர் நூல்கள் இரண்டிலும் அது இல்லை. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இந்தப் பண்டிகையை ‘விளக்குகள்’ என்று அழைக்கிறார். ஆனால் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எதிர்பாராமல் கிடைத்த சுதந்திரம் வெளிச்சம் போல இருந்ததால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று அவரே ஊகிக்கிறார். எண்ணெய்க் கதை வருவது ரபீக்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில், ஷபாத் என்ற பகுதியில். கிரேக்கர் எல்லா எண்ணெயையும் தீட்டுப்படுத்திவிட்டார்கள், பிரதான ஆசாரியரின் முத்திரை உடையாத ஒரே ஒரு குப்பி கிடைத்தது, ஒரு நாளுக்குத்தான் போதும், எட்டு நாள் எரிந்தது. தல்மூது தொகுக்கப்பட்டது நிகழ்ச்சிக்கு அறுநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து.

அதனால் இது வெறும் கதை என்று தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். அதற்குள் யூதர்களுக்கு நடந்தது என்ன என்று பாருங்கள். கி.பி. 70ல் ரோமர் ஆலயத்தை இடித்தார்கள். பீடமே இல்லாதபோது பீடத்தின் பிரதிஷ்டையை எப்படிக் கொண்டாடுவது? ஹஸ்மோனிய வம்சமோ, அரசர்களாகி ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டு, கடைசியில் ரோமரை உள்ளே வரவிட்டது. வாளைப் பாட ரபீக்களுக்கு மனமில்லை. எரிந்துகொண்டே இருந்த விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் வேத அடிப்படை உண்டு. லேவியராகமம் 23ல் பண்டிகைப் பட்டியல் முடிந்ததும் 24ஆம் அதிகாரம் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள்: விளக்கு எப்போதும் எரிய, தெளிவான ஒலிவ எண்ணெய். ஹனுக்கா ஓய்வுநாளில் அவர்கள் வாசிக்கும் தீர்க்கதரிசனப் பகுதி சகரியா 4 வரை போகும். பொன் குத்துவிளக்கு, இரண்டு ஒலிவமரங்கள், பலத்தினாலும் அல்ல பராக்கிரமத்தினாலும் அல்ல என்ற வார்த்தை. ஒரு போர் வெற்றியின் பண்டிகைக்கு இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

மண்விளக்கு எழுதியது:

மாரிகாலம் சிஸ்டர், நான் எருசலேமில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். சில வருஷமாக இந்தப் பண்டிகையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஐயா சொன்னதற்குக் கண்ணால் கண்டதைச் சேர்க்கிறேன்.

இங்கே பல வீடுகளில் விளக்கை உள்ளே வைக்கமாட்டார்கள். வாசலுக்கு வெளியே, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள், காற்றில் அணையாமல் இருக்க. வாசல்நிலையின் வலதுபக்கம் மெசூசா இருக்கும், உபாகமம் 6 எழுதிய சிறு சுருள். அதற்கு எதிர்ப்பக்கம், இடதுபக்கம் விளக்கு. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம். இருட்டியபின் குறைந்தது அரைமணி நேரமாவது எரியவேண்டும். ஆபத்தான காலமென்றால் வீட்டுக்குள் மேஜையில் வைத்தால் போதும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. நான் பராமரிக்கும் அந்தத் தாத்தா பிறந்தது ஐரோப்பாவில். சின்ன வயதில் அவர் வீட்டில் திரையை இழுத்துவிட்டுத்தான் ஏற்றுவார்களாம். இங்கே வாசலில் வைத்துத்தான் ஏற்றுவேன் என்று, கை நடுங்கினாலும் என்னைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானே ஏற்றுவார்.

அவர் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஒலிவ எண்ணெய் ஊற்றித் திரி போடுவார். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு, இப்படியே எட்டு. ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு துணைவிளக்கு உண்டு, ஷமாஷ் என்பார்கள். வலப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டே வருவார்கள், ஏற்றும்போது அன்றைக்குப் புதிதாக வந்ததை முதலில் ஏற்றுவார்கள். அந்த வெளிச்சத்தில் எந்த வேலையும் செய்யக்கூடாது. ஒரு தடவை நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மருந்துச் சீட்டைப் படிக்கப் பார்த்தேன். தாத்தா மென்மையாகக் கையைப் பிடித்து, இது பார்ப்பதற்கு மட்டும் அம்மா, அங்கே மின்விளக்கு இருக்கிறது, அங்கே போ என்றார். வெள்ளிக்கிழமை வந்தால் முதலில் ஹனுக்கா விளக்கு, பிறகுதான் ஓய்வுநாள் மெழுகுவர்த்தி.

வேலையை நிறுத்தும் பண்டிகை இது இல்லை. கடை, அலுவலகம் எல்லாம் திறந்திருக்கும். எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவார்கள். ஜாம் வைத்த சுஃப்கானியோத் என்ற பணியாரம் வாரக்கணக்கில் முன்னாலேயே கடைகளுக்கு வந்துவிடும்.

பழைய_சுருள் எழுதியது:

மண்விளக்கு சிஸ்டர், இதை எழுதியதற்கு மிக்க நன்றி. ஒன்று, இரண்டு என்று ஏறும் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு பழங்கால யூத ஆசிரியர்களின் வழியினர் நடத்தியது அது. ஷம்மாய் வழியினர் எட்டில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கச் சொன்னார்கள். தல்மூது கொடுக்கும் ஒரு காரணம், எண்ணாகமம் 29ல் கூடாரப்பண்டிகைக் காளைகள் 13, 12, 11 என்று நாளுக்கு ஒன்றாகக் குறைந்து 7ல் முடிகின்றன என்பது. மறுபடியும் கூடாரப்பண்டிகை! ஹில்லேல் வழியினர், பரிசுத்த காரியத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக்கூடாது என்றார்கள். தாத்தா வீட்டு வாசலில் நிற்பது ஹில்லேலின் வழக்கம்.

விளக்கேற்றும்போது, எங்களுக்குக் கட்டளையிட்ட ஆண்டவர் என்று சொல்லி ஆசீர்வாதம் செய்வார்கள். எங்கே கட்டளையிட்டார் என்று தல்மூதே கேட்கிறது, உங்கள் கேள்விதான் சிஸ்டர். உபாகமம் 17:11 என்கிறார் ஒருவர்: உன் காலத்துப் பெரியோர் தீர்த்துச் சொல்வதை விட்டு விலகாதே. இன்னொருவர் உபாகமம் 32:7 என்கிறார்: உன் தகப்பனைக் கேள், அவன் சொல்லுவான்.

ஐந்தாம்_மணி எழுதியது:

இயேசு ஏன் போனார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது, அதற்கு நான் முயல்கிறேன். யோவான் 10:24ல் சுற்றி நிற்பவர்கள் கேட்பதைப் பாருங்கள்: நீர் கிறிஸ்துவானால் தெளிவாகச் சொல்லும். விடுதலையை நினைக்கும் பண்டிகையில், ரோமப் படை நிற்கும் நகரத்தில், அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்! 33ல், மனுஷனாயிருந்து உன்னைத் தேவனாக்குகிறாய் என்று குற்றம்சாட்டுகிறார்கள். அந்தியோக்கஸ் தன் நாணயங்களில் தன்னை வெளிப்பட்ட தேவன் என்று பொறித்துக்கொண்டவன். அவன் செய்ததை நினைத்து அழுத மக்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கொதித்ததை நான் குறை சொல்லமாட்டேன். 36ல் பிதா பரிசுத்தமாக்கி உலகத்தில் அனுப்பினவர் என்று இயேசு தம்மைச் சொல்கிறார். பீடம் பரிசுத்தமாக்கப்பட்டதைக் கொண்டாடும் நாளில் அந்த வார்த்தை. யோவான் இவற்றை முடிச்சுப்போட்டு விளக்கவில்லை, இது என் வாசிப்பு. எபிரெயர் 11:35ல் விடுதலை பெறச் சம்மதியாமல் வாதிக்கப்பட்டவர்கள் வருகிறார்களே, 2 மக்கபேயர் 7ன் தாயும் ஏழு மகன்களும் அந்த ஆசிரியரின் மனதில் இருந்தார்கள் என்று பலர் கருதுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களில் இந்தப் பண்டிகையை இயேசுவுக்கு ஒரு பின்னணித் திரை மாதிரி மட்டும் காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கும். மண்விளக்கு சிஸ்டர் சொன்ன தாத்தாவுக்கு அது தன்னளவில் முழுமையான பண்டிகை. அந்த மரியாதையோடு சொல்லுங்கள்.

மாரிகாலம் எழுதியது:

அப்படியே செய்கிறேன் பிரதர். எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் கத்தோலிக்கப் பதிப்பு இருக்கிறது, 1 மக்கபேயர் 4ஐ அவரை வாசிக்கச் சொல்லப்போகிறேன். அதோடு எண்ணாகமம் 7ம் சங்கீதம் 30ம் எடுத்து வைத்திருக்கிறேன். 30ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே வீட்டுப் பிரதிஷ்டை என்று இருப்பதை இன்றுதான் கவனித்தேன். இந்த வருஷம் ஹனுக்கா எப்போது வருகிறது?

மண்விளக்கு எழுதியது:

30ஆம் சங்கீதத்தை இங்கே ஹனுக்காவில் ஓதுவார்கள், சரியானதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். யூத நாட்காட்டி சந்திரனைப் பார்ப்பதால் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். 2024ல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2025ல் டிசம்பர் 14 மாலை, 2026ல் டிசம்பர் 4 மாலை. அவர்களுக்கு நாள் மாலையில் தொடங்குவதால் முதல் விளக்கு அந்தந்த மாலையிலேயே ஏறிவிடும்.